நிலத்தடியில் ஒரு நாடக அரங்கு: தாஷ்கண்டும் இல்ஹோமும்

உஸ்பெகிஸ்தானின் தலைநகரமான தாஷ்கண்ட் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது லால் பகதூர் சாஸ்திரிதான். 1966 ஜனவரி 10 அன்று பாகிஸ்தானுடன் அங்கே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். மறுநாள் விடிவதற்குள் அங்கேயே இறந்துபோனார். அவர் பெயரில் ஒரு தெருவும் அவருடைய சிலையும் இன்றும் அந்த நகரத்தில் இருக்கின்றன. ஆனால் சாஸ்திரி பார்த்த தாஷ்கண்டை இன்று போய்ப் பார்க்க முடியாது. அவர் இறந்து மூன்றரை மாதம் கழித்து, ஏப்ரல் 26 அதிகாலையில், நகரத்தின் நடுமையத்துக்கு நேர் கீழே பூமி அதிர்ந்தது.

ரிக்டர் அளவில் அது 5-ஐச் சற்றே தாண்டிய நிலநடுக்கம், அவ்வளவுதான். ஆனால் அதிர்ச்சி பிறந்தது சில கிலோமீட்டர் ஆழத்தில். மேலே இருந்தவற்றில் பெரும்பாலானவை சுடாத மண்கல் வீடுகள். உயிர்ச்சேதம் ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தாலும் சுமார் 3 லட்சம் பேர் வீடிழந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் சோவியத் குடியரசுகள் எல்லாவற்றிலிருந்தும் கட்டுமானப் படைகள் வந்து இறங்கி, நகரத்தின் பெரும்பகுதியைப் புதிதாகக் கட்டின. அந்தப் புது நகரத்தில், 1976-ல், ஒரு கட்டிடத்தின் அடித்தளத்துக்கு ஒரு நாடகக் குழு குடிவந்தது. அதன் பெயர் இல்ஹோம்.

சோவியத் ஒன்றியத்தில் அரசுக்குச் சொந்தமில்லாமல் தொழில்முறையாக நடந்த முதல் நாடகக் குழுக்களில் ஒன்று என்று இல்ஹோமைச் சொல்வார்கள். சோவியத் ஒன்றியம் போய்விட்டது, இல்ஹோம் இருக்கிறது. ஐம்பது ஆண்டுகளாக ஒரு குழு இப்படித் தாக்குப்பிடித்ததை விளக்கப் பலரும் தணிக்கை, அரசியல், கலைத்துணிவு ஆகியவற்றைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அதெல்லாம் சரிதான். ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஒரு சலிப்பான கேள்வி: அந்த அடித்தளம் யார் பெயரில் இருக்கிறது? சுதந்திர நாடகமும் நகர வளர்ச்சியும் முட்டிக்கொள்ளும் இடம் அதுதான். இந்த இரண்டு விஷயங்களுக்கும் புதியவர்களுக்காக, இல்ஹோமை வைத்தே அதை விளக்கிப் பார்க்கிறேன்.

சுதந்திர நாடகம் என்றால் எதிலிருந்து சுதந்திரம்?

சோவியத் அமைப்பில் நாடக அரங்கு என்பது ஓர் அரசு அலுவலகம் மாதிரி. நடிகருக்கு மாதச் சம்பளம் உண்டு, பதவி உயர்வு உண்டு, ஓய்வூதியம் உண்டு. அரங்குக்கு ஆண்டுத் திட்டம் உண்டு. கட்டிடம் அரசுடையது, வெப்பமூட்டும் செலவும் அரசுடையது. தாஷ்கண்டின் அலிஷேர் நவாயி ஆப்ரா அரங்கை எடுத்துக்கொள்ளுங்கள். மாஸ்கோவில் லெனின் கல்லறையை வடிவமைத்த அலெக்சேய் ஷூசேவ்தான் இதற்கும் கட்டிடக் கலைஞர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே கொண்டுவரப்பட்ட ஜப்பானியப் போர்க்கைதிகளும் அதன் கட்டுமானத்தில் உழைத்தார்கள். 1947-ல் திறக்கப்பட்டது. 1966 நிலநடுக்கத்தில் சுற்றிலும் வீடுகள் சரிந்தபோதும் அது நின்றது. அப்படி ஓர் அரங்கில் வேலை பார்ப்பவர் அடுத்த மாதம் எங்கே ஒத்திகை பார்ப்பது என்று கவலைப்பட வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் ஒரு விலை இருந்தது. எந்த நாடகம் போடலாம் என்று கலாச்சார அமைச்சகம் சொல்லும். பிரதியைத் தணிக்கை அலுவலகம் படிக்கும். எல்லாம் முடிந்து மேடையேற்றும் முன், அதிகாரிகள் குழு ஒன்று வந்து முதல் வரிசையில் உட்கார்ந்து முழு நாடகத்தையும் பார்க்கும். அவர்கள் வெட்டச் சொன்னால் வெட்ட வேண்டும். போடாதே என்றால் அத்தனை மாத உழைப்பும் குப்பைக்குத்தான்.

இல்ஹோமைத் தொடங்கிய மார்க் வைல் 1952-ல் தாஷ்கண்டில் பிறந்தவர். நாடகப் பள்ளியில் படித்து முடித்த இளைஞர். அவரோடு சேர்ந்தவர்களும் அதே வயதுக்காரர்கள். பலருக்கு அரசு அரங்குகளில் வேலை இருந்தது. அந்த வேலையை முடித்துவிட்டு இங்கே ஒத்திகைக்கு வந்தார்கள். அவர்களுக்கு இடம் கொடுத்தது கோம்சொமோல், அதாவது கம்யூனிஸ்ட் கட்சியின் இளைஞர் அமைப்பு. அதன் இளைஞர் இல்லத்தின் அடித்தளத்தில் ஓர் அறை கிடைத்தது.

இதில் உள்ள சூட்சுமத்தைக் கவனியுங்கள். காகிதத்தில் அது ஓர் அரங்கே அல்ல. நாடக இளைஞர்களின் சோதனைக் கூடம், கிட்டத்தட்ட ஒரு கிளப். கிளப்புக்கு அமைச்சகத்தின் பதிவேட்டில் இடமில்லை. பதிவேட்டில் இல்லாததைத் தணிக்கை செய்யும் பொறுப்பு யாருக்கும் தெளிவாக இல்லை. இளைஞர் அமைப்போ கலாச்சார அமைச்சகத்தின் கீழ் வராது. இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே இருந்த இந்த இடைவெளியில்தான் இல்ஹோம் தன் முதல் பத்தாண்டுகளைக் கழித்தது. வம்பிலோவ், ஸ்லோத்னிகோவ், ரசுமோவ்ஸ்கயா என்று அன்றைக்குப் பெரிய அரங்குகள் தொடத் தயங்கிய எழுத்தாளர்களை அது மேடையேற்றியது. வசனமே இல்லாத கோமாளி நாடகங்களும் போட்டது. வசனம் இல்லாத நாடகத்தில் தணிக்கை அதிகாரி எதை வெட்டுவார்?

இது தாஷ்கண்டில் மட்டும் நடந்த கதையல்ல. ஏறக்குறைய அதே காலத்தில் மாஸ்கோவில் நடிகர் ஒலெக் தபகோவ் தன் மாணவர்களை வைத்து ஒரு பழைய நிலக்கரிக் கிடங்கைச் சுத்தம் செய்து அரங்காக்கினார். அதுவும் அடித்தளம்தான். அடித்தளம் யாருக்கும் வேண்டாத இடம். அதற்கு மதிப்பில்லை, ஜன்னல் இல்லை, அலுவலகம் வைக்க முடியாது, குடும்பத்தைக் குடிவைக்க முடியாது. அதனால்தான் அது கலைஞர்களுக்குக் கிடைத்தது. சுதந்திர நாடகம் உலகத்தில் எங்கே முளைத்தாலும், பெரும்பாலும் நகரம் ஒதுக்கித் தள்ளிய மூலையில்தான் முளைக்கிறது. கிடங்கு, மூடிய ஆலை, பழைய திரையரங்கு, அடித்தளம். இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

திரும்பத் திரும்பக் கட்டப்பட்ட நகரம்

தாஷ்கண்ட் இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேல் பழைய ஊர். ஆனால் சமர்கண்ட் மாதிரி நீலக் கும்மட்டங்களை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. 1865-ல் ரஷ்யப் படைகள் பிடித்த பிறகு, அன்ஹோர் கால்வாய்க்கு மேற்கே பழைய ஊர், கிழக்கே ஐரோப்பிய பாணியில் நேர்கோட்டுத் தெருக்கள் என்று நகரம் இரண்டாகப் பிரிந்து வளர்ந்தது. மேற்கே இருந்த வாழ்க்கையின் அலகு மஹல்லா. குறுகிய சந்துகள், தெருவுக்குச் சுவரைக் காட்டி உள்ளே முற்றத்தைத் திறந்து வைத்திருக்கும் வீடுகள், நடுவில் ஒரு மசூதி, ஒரு தேநீர்க் கூடம். மஹல்லா ஒரு சமூக அமைப்பும்கூட. கல்யாணம், சாவு, தகராறு எல்லாம் அதன் பெரியவர்கள் கையில்.

பிறகு 1930-ல் உஸ்பெக் சோவியத் குடியரசின் தலைநகரம் சமர்கண்டிலிருந்து இங்கே மாறியது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படைகளுக்குத் தப்பித் தொழிற்சாலைகள், திரைப்படக் கூடங்கள், பல்கலைக்கழகத் துறைகள் எல்லாம் தாஷ்கண்டுக்கு வந்து சேர்ந்தன. கவிஞர் அன்னா அக்மதோவா இங்கே தங்கியிருந்தார். சாலமோன் மிகோயெல்ஸ் தலைமையில் மாஸ்கோவின் யூத அரங்கு முழுக் குழுவோடு இங்கே வந்து நாடகம் போட்டது. அதாவது, மார்க் வைல் பிறந்தது பல மொழிகளில் நாடகம் பார்த்துப் பழகிய ஒரு நகரத்தில்.

அப்புறம் 1966. நிலநடுக்கம் இடித்ததைவிட, அதற்குப் பிறகு திட்டமிடுபவர்கள் இடித்தது அதிகம் என்று தாஷ்கண்டின் வரலாற்றை எழுதியவர்கள் பலர் சொல்கிறார்கள். மண் வீடுகள் நிறைந்த மஹல்லாக்கள் சோவியத் திட்டக்காரர்களின் கண்ணுக்குப் பின்தங்கிய காலத்தின் மிச்சம். நிலநடுக்கம் அவர்களுக்கு ஒரு வாய்ப்பு. அகலமான சாலைகள், பூங்காக்கள், மொசைக் ஓவியம் பதித்த அடுக்குமாடிகள், திறந்த புத்தகம்போல் வளைந்து நிற்கும் உஸ்பெகிஸ்தான் ஓட்டல் 1974-ல், 1977-ல் மத்திய ஆசியாவின் முதல் மெட்ரோ, பெரிய நீலக் கும்மட்டத்தின் கீழ் சோர்சு சந்தை என்று வரிசையாக வந்தன. வெயிலை மறைக்கச் சுவர் முழுக்கச் சல்லடைபோல் துளை வேலைப்பாடு செய்த கான்கிரீட் கட்டிடங்கள் அந்தக் காலத்தின் முத்திரை. இன்று இவற்றைத் தாஷ்கண்ட் நவீனத்துவம் என்று சொல்லிக் கொண்டாடுகிறார்கள். சில ஆண்டுகளாக அரசின் கலாச்சார அறக்கட்டளையே இவற்றை ஆவணப்படுத்திப் பாதுகாக்க முயல்கிறது.

இதிலுள்ள முரணைச் சொல்லாமல் விட முடியவில்லை. மஹல்லாக்களை அழித்துக் கட்டியவை இப்போது பாரம்பரியச் சின்னங்கள். அவற்றையும் அடுத்த அலை இடிக்கப் பார்க்கிறது.

அடுத்த அலை 1991-ல் உஸ்பெகிஸ்தானுக்குச் சுதந்திரம் கிடைத்த கையோடு வந்துவிடவில்லை. முதல் அதிபர் இஸ்லாம் கரிமோவ் ஆட்சியில் நகர மையத்தை அரசு தன் விருப்பப்படி மாற்றிக்கொண்டே இருந்தது. 2009-ல் அமீர் திமூர் சதுக்கத்தில் நின்ற பழைய சினார் மரங்களை ஒரே மூச்சில் வெட்டிவிட்டார்கள். நிழல் போனதை தாஷ்கண்ட்காரர்கள் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் உண்மையான கட்டுமான வெறி தொடங்கியது 2016-ல் கரிமோவ் இறந்து, ஷவ்கத் மிர்சியோயெவ் அதிபர் பதவிக்கு வந்து, வெளிநாட்டு முதலீட்டுக்குக் கதவைத் திறந்த பிறகுதான். தலைநகரில் குடியேறவும் வீடு வாங்கவும் சோவியத் காலத்திலிருந்து இருந்த கட்டுப்பாடுகளும் தளர்ந்தன. மக்கள்தொகை 30 லட்சத்தைத் தாண்டியது.

அதன் அடையாளச் சின்னம் தாஷ்கண்ட் சிட்டி. 2017-ல் அறிவித்த திட்டம். நகரின் நடுவே சுமார் 80 ஹெக்டேரில் அலுவலகக் கோபுரங்கள், ஓட்டல்கள், மாநாட்டு அரங்கம், வணிக வளாகம், செயற்கை ஏரியோடு ஒரு பூங்கா. அந்த 80 ஹெக்டேர் காலி நிலமாக இருக்கவில்லை. நிலநடுக்கத்துக்கும் அதன் பிறகு வந்த புல்டோசருக்கும் தப்பிய உக்சி, ஒல்மசோர் போன்ற பழைய மஹல்லாக்கள் அங்கே இருந்தன. 1980-களின் தொடக்கத்தில் கட்டிய திரைக்கலைஞர் இல்லமும் அங்கேதான் இருந்தது. நகரத்தின் சினிமா வாழ்க்கை முழுக்க அதைச் சுற்றியே நடந்தது. எல்லாம் போய்விட்டது.

தாஷ்கண்டில் யாரிடமாவது இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் ஒரு ரஷ்யச் சொல்லை அடிக்கடி கேட்பீர்கள்: ஸ்னோஸ். இடிப்பு என்று பொருள். எங்கள் தெரு ஸ்னோஸில் போகிறது என்றால் எல்லாருக்கும் புரியும். நிலம் அண்மைக்காலம் வரை முழுக்க அரசுடையது. வீட்டின் சுவர் உங்களுடையது, அடியில் உள்ள மண் உங்களுடையது அல்ல. நகர நிர்வாகத்தை ஹோகிமியத் என்பார்கள், அதன் தலைவர் ஹோகிம். அவர் ஒரு முடிவெடுத்துக் கையெழுத்திட்டால் நிலம் கட்டுநருக்குப் போகும். குடியிருப்பவருக்கு மாற்று வீடோ இழப்பீடோ கிடைக்கும். எவ்வளவு, எங்கே, எப்போது என்பதில்தான் சண்டை. இந்தச் சண்டைகள் பெருகியதால், வேளாண்மை அல்லாத நிலத்தைத் தனியார் சொந்தமாக்கிக்கொள்ள 2021-ல் ஒரு சட்டமும், பொதுத் தேவைக்கு நிலம் எடுக்கும் முறையை ஒழுங்குபடுத்த 2022-ல் ஒரு சட்டமும் வந்தன. காகிதத்தில் நிலைமை முன்னைவிடப் பரவாயில்லை.

வாடகை இடைவெளி

இப்போது கொஞ்சம் கோட்பாடு. நகரத்தைப் படிப்பவர்கள் அடிக்கடி பயன்படுத்தும் ஒரு கருத்தைப் புவியியலாளர் நீல் ஸ்மித் 1979-ல் முன்வைத்தார். வாடகை இடைவெளி என்று அதைச் சொல்லலாம். ஒரு நிலம் இப்போது என்ன வருமானம் தருகிறது? அதே நிலத்தில் இருப்பதை இடித்துவிட்டு அதிகபட்சம் பணம் தரக்கூடிய ஒன்றைக் கட்டினால் என்ன வருமானம் வரும்? இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இடைவெளி. அது சிறிதாக இருக்கும்வரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒரு அளவைத் தாண்டியதும் முதலீடு வந்து இறங்கும், ஏற்கனவே அங்கே இருப்பவர்கள் வெளியேற வேண்டியிருக்கும்.

நாடகக் குழுவுக்கு இது இரட்டை வேதனை. ஊருக்கு வெளியே பொட்டல் நிலத்தில் ஒருவர் டீக்கடை போடுகிறார் என்று வையுங்கள். டீ நன்றாக இருக்கிறது, கூட்டம் சேர்கிறது, பேருந்து நிற்க ஆரம்பிக்கிறது, பக்கத்தில் நாலு கடை வருகிறது. நிலத்தின் விலை ஏறுகிறது. கடைசியில் நிலத்துக்காரர் டீக்கடைக்காரரைக் காலி செய்யச் சொல்கிறார். அந்த மதிப்பை உண்டாக்கியதில் டீக்கடைக்காரருக்குப் பங்கு உண்டு, ஆனால் லாபத்தில் இல்லை. நாடகக் குழுவும் இப்படித்தான் ஒரு மூலைக்குப் பெயர் வாங்கிக் கொடுக்கிறது. அதைப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்க ஆளில்லை.

ஆனால் தாஷ்கண்டுக்கு இந்தக் கோட்பாட்டை அப்படியே பொருத்தினால் தவறிவிடும். லண்டனிலோ நியூயார்க்கிலோ வாடகை மெதுவாக ஏறும், நடுத்தர வர்க்கம் வந்து சேரும், பழையவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள். அதற்கு ஜென்ட்ரிஃபிகேஷன் என்று பெயர். பத்து இருபது ஆண்டு பிடிக்கும். தாஷ்கண்டில் நடப்பது அப்படி மெதுவாக நடப்பதல்ல. ஒரு கையெழுத்தில் 80 ஹெக்டேர் மாறிவிடுகிறது. சந்தை மட்டும் ஓட்டும் வண்டி அல்ல இது, அரசும் சந்தையும் சேர்ந்து ஓட்டுவது. அதனால் எச்சரிக்கை மணி அடிக்க நேரமே இருப்பதில்லை. இன்னொரு விளைவும் உண்டு: சந்தையிடம் முறையிட முடியாது, கையெழுத்துப் போடும் ஹோகிமிடம் முறையிடலாம்.

இல்ஹோம் இருக்கும் இடத்தை இப்போது வரைபடத்தில் பாருங்கள். பக்தகோர் தெரு, 5-ஆம் எண். பக்தகோர் விளையாட்டரங்கத்தை ஒட்டிய பகுதி, தாஷ்கண்ட் சிட்டியிலிருந்து அதிக தூரமில்லை. இளைஞர் இல்லமாக இருந்த கட்டிடம் பின்னாளில் ஓட்டலானது. மேலே ஓட்டல், கீழே நாடகம். 1976-ல் யாருக்கும் வேண்டாத அடித்தளம், இப்போது நகரத்தின் மிக விலையுயர்ந்த வட்டாரத்தில் இருக்கும் ஒரு கட்டிடத்தின் அஸ்திவாரம். ஓட்டலைப் புதுப்பிக்க வேண்டுமானால் முதலில் கைவைக்க வேண்டிய இடமும் அதுதான். தாங்கு தூண்கள், குழாய்கள், வாகன நிறுத்தம் எல்லாம் கீழேதானே.

2020-ன் தொடக்கத்தில் அந்த நாள் வந்தது. கட்டிடம் தனியார் முதலீட்டாளர் கைக்குப் போய்விட்டது, இல்ஹோம் வெளியேற வேண்டியிருக்கும் என்று செய்தி பரவியது. அரசு தணிக்கையாளர்களால் மூட முடியாத அரங்கைச் சொத்துப் பரிமாற்றம் ஒன்று மூடிவிடும் போலிருந்தது. உள்ளூர்ப் பார்வையாளர்கள், பழைய மாணவர்கள், வெளிநாட்டில் குடியேறிய தாஷ்கண்ட்காரர்கள், மாஸ்கோ நாடக உலகத்தினர் என்று பலர் குரல் எழுப்பினார்கள். நகர நிர்வாகம் தலையிட்டு, அரங்கு அதே இடத்தில் இருக்கும் என்று சொன்னது. இல்ஹோம் அங்கேயே தொடர்ந்து நாடகம் போட்டது.

இது வெற்றிதான். ஆனால் எந்த வகை வெற்றி என்று கவனித்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். சட்டம் காப்பாற்றவில்லை, புகழ் காப்பாற்றியது. இல்ஹோமுக்கு உலகம் முழுக்கப் பெயர் இருந்ததால் சத்தம் கேட்டது. நேற்று தொடங்கிய, நாற்பது பேர் பார்க்கிற ஒரு சிறு குழுவுக்கு இதே நடந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

நிறுவனர் போனபிறகும் நின்ற குழு

இல்ஹோமின் கதையில் 2007-ஐத் தாண்டிப் போக முடியாது. செப்டம்பர் 6 இரவு, ஒத்திகை முடிந்து வீடு திரும்பிய மார்க் வைலை அவருடைய குடியிருப்பின் வாசலில் வைத்துக் கத்தியால் குத்தினார்கள். அன்றிரவே இறந்துவிட்டார். பண்டைய கிரேக்க நாடகாசிரியர் எஸ்கைலஸின் ஒரெஸ்தேயாவோடு மறுநாள் புதிய பருவம் தொடங்க இருந்தது. குழு அந்த நாடகத்தை நிறுத்தவில்லை. 2010-ல் மூன்று பேருக்குத் தண்டனை கிடைத்தது. புஷ்கின் கவிதைகளை வைத்து வைல் உருவாக்கிய ஒரு நாடகம் நபிகள் நாயகத்தை இழிவுபடுத்தியதாகக் கருதிக் கொன்றோம் என்று வழக்கில் சொல்லப்பட்டது.

வைல் தன் நகரத்தின் மறக்கப்பட்ட கதைகளைத் தேடித் தேடி மேடையேற்றியவர். உஸ்பெக் எழுத்தாளர் அப்துல்லா கதிரியின் எழுத்திலிருந்து ஒரு நாடகம். 1920-களில் துருக்கிஸ்தானுக்கு, அதாவது மத்திய ஆசியாவுக்கு, வந்து, இஸ்லாத்தைத் தழுவி, உஸ்தோ மூமின் என்ற பெயரில் வரைந்த ரஷ்ய ஓவியர் அலெக்சாந்தர் நிகோலாயெவைப் பற்றி ஒரு நாடகம். பழைய படச்சுருள்களைக் கோத்து, தாஷ்கண்ட் எப்படி மாறியது என்று ஓர் ஆவணப்படமும் எடுத்தார். ரஷ்யமும் உஸ்பெக்கும் ஒரே மேடையில் கலந்து வரும். சுதந்திரத்துக்குப் பிறகு ரஷ்யமொழி பேசுபவர்கள் பல ஆயிரக்கணக்கில் நாட்டைவிட்டுப் போய்க்கொண்டிருந்தபோது, பாதிப் பார்வையாளர்களை இழந்த ஒரு குழு புதிய பார்வையாளர்களைத் தேடிக்கொண்ட வழி அது.

அவர் போனபிறகும் குழு கலையவில்லை. அவரிடம் நடித்து வளர்ந்த போரிஸ் கஃபூரோவ் பொறுப்பேற்றார். காரணம், இல்ஹோம் ஒரு மனிதரை மட்டும் நம்பியிருக்கவில்லை. அங்கே ஒரு நடிப்புப் பள்ளி இருக்கிறது. சமகால இசை வாசிக்கும் ஆம்னிபஸ் குழு அதன் அரவணைப்பில் வளர்ந்தது. கண்காட்சி, வாசிப்பு, பட்டறை என்று வருஷம் முழுக்க ஏதோ ஒன்று நடந்துகொண்டே இருக்கும். பழைய மாணவர் புது மாணவருக்குச் சொல்லித்தருகிறார். இப்படிப்பட்ட தொடர்ச்சிக்கு ஒரு முகவரி தேவை. நாடகப் பிரதியை எங்கேயும் எடுத்துப் போகலாம். ஆனால் விளக்குக் கம்பிகள், உடைகள், ஒலி எங்கே எதிரொலிக்கும் என்று நடிகரின் உடம்புக்குத் தெரிந்த அறிவு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் கால் தானாகப் போய் நிற்கிற பார்வையாளரின் பழக்கம், இவற்றை லாரியில் ஏற்ற முடியாது. நிறுவனரின் சாவைத் தாங்கிய குழு இடம் போயிருந்தால் தாங்கியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

மாற்று இடம் தருகிறோம் என்று கட்டுநர்கள் சொல்லும்போது இதைத்தான் கணக்கில் எடுப்பதில்லை. சதுர மீட்டருக்குச் சதுர மீட்டர் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். மஹல்லாவை இடித்து ஒன்பதாவது மாடியில் வீடு கொடுக்கும்போதும் இதே கணக்குதான். முற்றமும் அண்டை வீட்டாரும் சதுர மீட்டரில் வருவதில்லை.

மற்ற நகரங்கள்

அரசு அரங்கு என்றால் பாதுகாப்பு என்று நினைக்கவும் வழியில்லை. தஜிகிஸ்தானின் தலைநகரம் துஷான்பேயில் மாயகோவ்ஸ்கி பெயரிலான ரஷ்ய நாடக அரங்கு அந்த நகரத்தின் மிகப் பழைய கட்டிடங்களில் ஒன்றில் இருந்தது. தஜிக் சோவியத் குடியரசு 1929-ல் அறிவிக்கப்பட்டதும் அந்தக் கட்டிடத்தில்தான். 2016-ல் அதை இடித்துவிட்டார்கள். குழு அரசுடையதாக இருந்ததால் சம்பளம் தப்பியது, கட்டிடம் தப்பவில்லை.

கஜகஸ்தானின் அல்மாட்டியில் கதை வேறு மாதிரி. அங்கே 2001-ல் தொடங்கிய ஆர்டிஷோக் என்ற சுதந்திரக் குழுவும் பல ஆண்டுகள் ஓர் அடித்தளத்தில்தான் இயங்கியது. இன்னொரு பக்கம், 1964-ல் கட்டிய த்ஸெலின்னி திரையரங்கைத் தனியார் அறக்கட்டளை ஒன்று எடுத்து, கட்டிடக் கலைஞர் ஆசிஃப் கானைக் கொண்டு சமகாலக் கலை மையமாக மாற்றி 2025-ல் திறந்தது. புதுப்பிக்கும் வேலையின்போது, மறைந்துபோயிருந்த சோவியத் காலச் சுவரோவியம் ஒன்று வெளிப்பட்டது. பணமும் ரசனையும் உள்ள ஒரு புரவலர் கிடைத்தால் பழைய கட்டிடம் இப்படியும் பிழைக்கும். ஆனால் புரவலரின் விருப்பத்தில் நிற்பதும் ஒரு வகைச் சார்புதான், ஹோகிமின் விருப்பத்தில் நிற்பதைப்போல.

அப்படியானால் வேறு என்ன வழி? பிரிட்டனில் 1976-ல், இல்ஹோம் பிறந்த அதே ஆண்டில், ஒரு சட்டம் வந்தது. அதன்படி தியேட்டர்ஸ் டிரஸ்ட் என்ற அமைப்பு உருவானது. நாடக அரங்கு இருக்கும் நிலத்தில் யாராவது கட்டுமான அனுமதி கேட்டால், உள்ளூர் நிர்வாகம் முடிவெடுக்கும் முன் அந்த அமைப்பின் கருத்தைக் கேட்டாக வேண்டும். தடுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. கேட்க வேண்டும் என்பது மட்டும்தான் கட்டாயம். அதுவே பெரிய வித்தியாசம். செய்தித்தாளில் வந்த பிறகு ஊர்கூடிக் கத்துவதற்குப் பதில், கையெழுத்துப் போடும் முன்பே மேசையில் ஒரு நாற்காலி இருக்கிறது.

மற்ற வழிகள் இன்னும் எளிமையானவை, இன்னும் சலிப்பானவை. நீண்டகாலக் குத்தகையைப் பதிவு செய்வது. கட்டிடம் கைமாறினாலும் புதிய உரிமையாளரைக் குத்தகை கட்டுப்படுத்தும் என்று பத்திரத்தில் எழுதுவது. குழுவைச் சுற்றி ஓர் அறக்கட்டளை அமைத்து, அதன் பெயரில் இடத்தை வாங்குவது. புதுக் கோபுரம் கட்ட அனுமதி கேட்பவரிடம் தரைத்தளத்தில் இவ்வளவு இடம் குறைந்த வாடகைக்கு கலைக்கு என்று நிபந்தனை போடுவது. இதில் எதற்கும் கலைத்துணிவு தேவையில்லை, ஒரு நல்ல வக்கீல் போதும். பெரும்பாலான நாடகக்காரர்கள் வக்கீலைப் பார்ப்பது வெளியேறச் சொல்லும் கடிதம் வந்த பிறகுதான்.

உஸ்பெகிஸ்தானில் நிலம் தனியார் சொத்தாகும் காலம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. பாதி இளைஞர் இல்லம், பாதி கிளப், யார் பொறுப்பு என்று தெரியாத அடித்தளம் என்ற அந்தப் பழைய மங்கலான நிலை, தணிக்கையிலிருந்து இல்ஹோமைக் காப்பாற்றியது. எல்லாவற்றுக்கும் பட்டாவும் உரிமையாளரும் வந்துவிட்ட நகரத்தில் அதே மங்கல் யாரையும் காப்பாற்றாது. அங்கே அடுத்து தொடங்கும் குழு முதல் நாடகத்துக்கு முன்பே குத்தகைப் பத்திரத்தைப் படித்துவிட வேண்டியிருக்கும்.